காதலில் பொறாமை ஏன் வருகிறது? - ஒரு ஜப்பானிய மங்கா காட்டும் காரணம்

காதலில் பொறாமை வந்தாலே, ‘என் மேல நம்பிக்கை இல்லையா?’ என்ற சண்டைதான் முதலில் வரும். கருஹோ ஷீனா வரைந்து, 2017-ல் நிறைவடைந்து, 30 தொகுதிகளாக வெளிவந்த ‘கிமி நி தொடோகே’ என்ற காதல் மங்கா வேறொரு காரணத்தைக் காட்டுகிறது.

ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்கள்தான் ஆண்களுக்கு சாக்லேட் கொடுப்பது வழக்கம். நட்புக்கும் மரியாதைக்கும் கொடுப்பது ‘கிரி’. மனசுக்குப் பிடித்தவருக்குக் கொடுப்பது ‘ஹொன்மெய்’.

கூச்ச சுபாவமுள்ள மாணவி சவாகோ, மற்றவர்களுக்கு எளிதாக சாக்லேட் கொடுத்துவிடுகிறாள். கசெஹாயாவுக்கென்று ஆசையாகச் செய்ததை மட்டும் கொடுக்கக் கை வரவில்லை. அவனுக்கோ, ‘எல்லாருக்கும் இருக்கு, எனக்கு மட்டும் இல்லையா?’ என்ற ஏக்கம். பிறகு மியுரா என்ற மாணவன் அவளிடம் சகஜமாகப் பழகும்போது, அந்த ஏக்கமே பொறாமையாகிறது.

மங்காவில் பேச்சு பலூனுக்குள் இருக்கும். மனசுக்குள் ஓடுவது பெரும்பாலும் பலூனுக்கு வெளியே எழுதப்படும். அதனால் இருவர் மனசும் வாசகருக்குத் தெரிகிறது. அவர்களுக்குத்தான் தெரியவில்லை!

‘சொல்லாமலே புரிஞ்சுக்குவாங்க’ என்று இருவரும் விட்ட இடைவெளியில்தான் சந்தேகம் வளர்கிறது. வாய் திறந்து சொன்ன பிறகே அது விலகுகிறது. தொடரின் பெயருக்கும், ‘உன்னிடம் போய்ச் சேரட்டும்’ என்பதுதான் பொருள்.