பழைய வண்டி வாங்கப் போறீங்களா? கணக்குப் பார்த்துட்டுப் போங்க!



பால், காய்கறி, பூ, ஊறுகாய் என்று எதை விற்றாலும் வண்டி வாடகைக்கே லாபத்தில் பாதி போய்விடுகிறது என்ற பேச்சு நம் கூட்டங்களில் அடிக்கடி வரும். "நாமே ஒரு பழைய குட்டி யானை வாங்கிப் போட்டா என்ன?" என்று யாராவது கேட்பார்கள். வீட்டில் மகனோ கணவரோ, "கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுறேன், குழுவுல கடன் கேளு" என்பதும் உண்டு.

நல்ல யோசனைதான். ஆனால் போடப்போவது நம் சேமிப்பும் கடனும். வண்டி பட்டறையில் நின்றாலும் தவணை நிற்காது. அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சொல்கிறோம்.

விலை ஏன் ஏறியது?

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதற்கு ஏற்ற கருவிகளைப் பொருத்தியதால் புது வண்டி விலை உயர்ந்தது. அதே சமயம் கொரோனா வந்தது. பஸ்ஸில் போகப் பயந்தவர்கள் பழைய காராவது வாங்கலாம் என்று தேடினார்கள். 2021-ல் வண்டிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன எலக்ட்ரானிக் சில்லுகள் உலகம் முழுவதும் கிடைக்கவில்லை. பணம் கட்டியவர்களும் புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

விலை குறைந்த வண்டிகள் சில நின்றும் போயின. மாருதி ஆம்னி 2019-லும், ஆல்டோ 800 2023-லும் நிறுத்தப்பட்டன. புதிதாகக் கிடைக்காத வண்டிக்குப் பழைய சந்தையில் மவுசு கூடும். ஏறின விலை அப்படியே பழக்கமாகிவிட்டது.

முதலில் புது வண்டி விலையைக் கேளுங்க

பழைய வண்டி விலை சரியா என்று பார்க்க, இன்று புது வண்டி என்ன விலை என்று தெரிந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார், சரக்கு வண்டி, மூன்று சக்கர ஆட்டோ ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரி இல்லாமல் ரூ.4,00,000 மதிப்புள்ள வண்டி முன்பு வரியோடு ரூ.5,12,000 ஆனது. புதிய வரியில் ரூ.4,72,000 தான். ரூ.40,000 வித்தியாசம்.

புதுசே இவ்வளவு குறையும்போது பழசும் குறைய வேண்டுமே! "போன வருஷமே மூணு லட்சத்துக்குக் கேட்டாங்க" என்று தரகர் சொன்னால், "அது அப்போ இருந்த வரிங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

பேரத்துக்கு இன்னொரு பிடி, இன்சூரன்ஸ் தாளில் இருக்கும் ஐ.டி.வி. தொகை. அது இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு. அந்தக் கணக்கில் 1 முதல் 2 வருட வண்டிக்கு 20 சதவீதம், 2 முதல் 3 வருடத்துக்கு 30, 3 முதல் 4 வருடத்துக்கு 40, 4 முதல் 5 வருடத்துக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். கேட்கும் விலை இதைவிட ரொம்ப அதிகம் என்றால் காரணம் கேளுங்கள்.

மலிவான வண்டி நிஜமாகவே மலிவா?

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். இரண்டும் ஒரே மாதிரி சரக்கு வண்டி.

முதல் வண்டி: 12 வருடம் ஓடியது. விலை ரூ.1,40,000. எஞ்சின் வேலை ரூ.45,000, டயரும் எஃப்.சி. வேலையும் ரூ.35,000. மொத்தம் ரூ.2,20,000. மூன்று வருடம் ஓட்டி ரூ.60,000-க்கு விற்கிறோம். செலவானது ரூ.1,60,000. வருடத்துக்கு ரூ.53,333.

இரண்டாவது வண்டி: 7 வருடம் ஓடியது. விலை ரூ.2,30,000. சில்லறை வேலை ரூ.10,000. மொத்தம் ரூ.2,40,000. மூன்று வருடம் கழித்து ரூ.1,40,000-க்கு விற்கிறோம். செலவானது ரூ.1,00,000. வருடத்துக்கு ரூ.33,333.

வாங்கும்போது முதல் வண்டி ரூ.90,000 மலிவு போலத் தெரிந்தது. ஆனால் வேலையெல்லாம் முடிந்தபோது வித்தியாசம் ரூ.20,000 தான். பட்டறையில் நின்ற நாளின் வருமான இழப்பை இன்னும் சேர்க்கவே இல்லை. ஆகவே எந்த வண்டியைப் பார்த்தாலும் விலை, உடனடி வேலை, திரும்ப விற்கும் விலை, எத்தனை வருடம் ஓட்டுவோம் என்ற நான்கையும் எழுதிக் கணக்குப் போடுங்கள்.

எங்கே தேடுவது?

எல்லோரும் கேட்கும் மாடலுக்கு விலை கூடத்தான் இருக்கும். அதே வேலை செய்யும், அதிகம் பேர் கேட்காத வண்டியைப் பாருங்கள். பக்கத்து ஊரில் அதற்கு மெக்கானிக்கும் உதிரி பாகமும் உண்டா என்று மட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

உங்கள் வட்டாரத்திலேயே ஒரே கையில் ஓடிய வண்டியை நேரடியாக வாங்கினால் தரகு மிச்சம். எப்படி ஓடியது என்றும் ஊரில் நாலு பேரைக் கேட்கலாம். வங்கிகளும் பைனான்ஸ்காரர்களும் தவணை கட்டாத வண்டிகளை ஏலம் விடுவார்கள். விலை குறையலாம். ஆனால் இருக்கிற நிலையிலேயே எடுக்க வேண்டும். மெக்கானிக்கோடு பார்க்காமல் ஏலம் கேட்காதீர்கள்.

டெல்லி, புதுச்சேரி பதிவு எண்ணில் மலிவாக வண்டி வரும். வெளிமாநில வண்டியை இங்கேயே வைத்து ஓட்ட வேண்டுமானால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால் மலிவு காணாமல் போகலாம்.

வண்டியைப் பார்க்கும்போது

1. காலையில், எஞ்சின் சூடாகும் முன் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள்.

2. புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கலாம். ஆயில் மூடியின் உள்பக்கம் பாலாடை போலப் படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

3. கிலோமீட்டரைத் திருத்தலாம், தேய்மானத்தை மறைப்பது கஷ்டம். 40,000 கி.மீ. என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்குமா? சர்வீஸ் பில்களையும் கேளுங்கள்.

4. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா? 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வந்த வெள்ளம் எல்லாம் நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து சேற்றுக்கறை இருக்கிறதா பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட் அடியில் இரும்பு துருப்பிடித்திருந்தால் உஷார்.

5. வண்டியில் உள்ள சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும்.

6. தரகர் கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம். உங்கள் மெக்கானிக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். அந்தச் சில நூறு ரூபாய் பல ஆயிரத்தைக் காப்பாற்றும்.

பேப்பர் சுத்தமா?

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், கடன் விவரங்களைப் பார்க்கலாம். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-செலான் பக்கத்தில் பார்க்கலாம். படித்த பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு வண்டி, வாடகை வண்டிக்கு 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்குப் பிறகு வருடா வருடம். எஃப்.சி. முடியப்போகிற வண்டி என்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கு அவர்கள் தரும் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும். "அப்புறம் வாங்கித் தர்றேன்" என்றால் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவது ஆபத்து. பெயர் மாற்றாத வண்டியில் விபத்து நடந்தால் ஆர்.சி.யில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டி விற்கும் சகோதரிகள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

வட்டி எந்த வட்டி?

"நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டிதான்" என்பார் பைனான்ஸ்காரர். ரூ.2,00,000-க்கு 3 வருடம், முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி என்றால் ரூ.72,000 ஆகும். மாதத் தவணை சுமார் ரூ.7,556. அதே 12 சதவீதம் நம் குழுக் கடன் போலக் குறையும் வட்டியில் என்றால் தவணை சுமார் ரூ.6,643, மொத்த வட்டி சுமார் ரூ.39,000 தான். பைனான்ஸ்காரரின் "ஒரு வட்டி" உண்மையில் வருடம் ஏறக்குறைய 21 சதவீதம்! "குறையும் வட்டியா, நிலையான வட்டியா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

வண்டி யார் பெயரில்?

இதுதான் முக்கியம். கடன் உங்கள் பெயரில், வண்டி மட்டும் வேறொருவர் பெயரில் இருந்தால் என்ன ஆகும்? அவர் விற்றுவிட்டாலும் தவணை கேட்டு உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். கடன் வாங்குகிறவர் பெயரிலேயே ஆர்.சி. இருக்கட்டும். சிலர் சேர்ந்து வாங்கினால் யார் பெயரில் பதிவு, யார் எவ்வளவு போட்டது, ரிப்பேருக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குவது, விற்றால் எப்படிப் பங்கு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஓட்டுவதும் ஆண்கள்தான் என்று இல்லை. எல்.எம்.வி. உரிமம் இருந்தால், மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைந்த சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. நம்மில் ஒருத்தி உரிமம் எடுத்துவிட்டால் டிரைவர் கூலியும் நம்மிடமே நிற்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டிப் பேசுங்கள்:

* நம் குழு உறுப்பினர்கள் மாதம் எவ்வளவு வண்டி வாடகை கொடுக்கிறோம்?
* அந்தத் தொகை தவணை, டீசல், ரிப்பேர், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் போதுமா?
* போதாது என்றால் நாலு குழு சேர்ந்து ஒரே வண்டியை மொத்த வாடகைக்குப் பேசலாமா?

கணக்கு சரியாக வந்தால் வாங்குவோம். வராவிட்டால் காத்திருப்போம். வண்டி இன்னொன்று கிடைக்கும், சேர்த்த காசு போனால் மறுபடி சேர்க்க வருடங்கள் ஆகும்.