முதிரை மரம் தரும் படிப்பினை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் வரண்ட பிரதேசக் காடுகளிலிருந்து முதிரையும் கருங்காலியும் தறிக்கப்பட்டுப் பிறநாடுகளுக்கு ஏற்றப்பட்டன. தறித்த அளவிற்கு மீள நடப்படவில்லை. 1885 ஆம் ஆண்டில் காட்டுக் கட்டளைச்சட்டம் ஆக்கப்பட்டபோது, வண்டி எட்டக்கூடிய காடுகளில் நன்மரங்கள் அருகியிருந்தன.

1990 ஆம் ஆண்டில் இயற்கைக் காடுகளில் வர்த்தகத்துக்காக மரந் தறித்தலை அரசு நிறுத்தியது. எனினும், கூரைக்கும் கதவுக்கும் மரம் வேண்டியிருக்குமளவும் தடை மாத்திரம் காட்டைக் காவாது.

குளத்தின் மேற்புறக் காடு அழியின், மண் அரிக்கப்பட்டுக் குளம் தூரும். வயலுக்குரிய நீர் குறையும். ஆகையால், மாரி தொடங்கியதும் கமக்காரர் தத்தம் வளவின் எல்லையில் வேம்பும் தேக்கும் நடுதல் வேண்டும். வேலிக்குச் சீமைக்கிளுவைக் கதியால் ஊன்றலாம். அதன் தழை வயலுக்குப் பசளையாகும், கிளை விறகாகும். தேக்கு முதிரப் பல்லாண்டு செல்லுமாதலின், நடுகையைப் பிற்போடலாகாது.