ஊன்றுகோலுடன் வந்து பதக்கம் வென்ற லிஸ் ஹார்டெல்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் கண்டிக்குப் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்குப் போகும் வழியில் நாலந்தா வரும். வீதியிலிருந்து சற்று உள்ளே, நீர்த்தேக்கத்தின் அருகே ஒரு பழைய கற்கட்டடம் நிற்கிறது. அதுதான் நாலந்தா கெடிகே. பல்லவர் காலக் கோயில்களின் சாயல் கொண்ட பௌத்த ஆலயம். மகாவலித் திட்டத்தில் போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது இது நீரில் மூழ்கும் நிலை வந்தது. அதனால் 1975இல் கல் கல்லாகக் கழற்றி எடுத்து, 1980இல் மேட்டில் மீண்டும் கட்டினார்கள்.

கல்லுக்கு இது முடிந்தது. ஒரே நாளில் உடலும் வாழ்வும் குலைந்துபோன ஒரு பெண்ணுக்கு முடியுமா? டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் என்ற குதிரையேற்ற வீராங்கனையின் கதை இதற்குப் பதில் சொல்கிறது.

பேசாமல் பேசும் விளையாட்டு

குதிரை என்றால் நம்மில் பலருக்கு நெடுந்தீவில் மேயும் கட்டைக் குதிரைகள்தான் நினைவுக்கு வரும். லிஸ் ஈடுபட்ட விளையாட்டின் பெயர் டிரெஸாஜ். இது ஓட்டப் பந்தயம் அல்ல. 60 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட திடலில் குதிரை அளந்து அடி வைக்க வேண்டும். பக்கவாட்டில் நகர வேண்டும். நின்ற இடத்திலேயே துள்ளுநடை போட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் பூச்சியம் முதல் 10 வரை புள்ளி இடுவார்கள்.

குதிரைக்கு வாயால் கட்டளை சொல்லக் கூடாது. காலால் மெல்ல அழுத்தியும், இருக்கும் நிலையை மாற்றியும், கடிவாளத்தை அசைத்துமே சொல்ல வேண்டும். ஒரு குதிரையை இதற்குப் பழக்கி எடுக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

1944இல் வந்த சோதனை

1943, 1944 ஆகிய இரு ஆண்டுகளிலும் லிஸ் தம் நாட்டின் சம்பியன். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். டென்மார்க் ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்தது. 1944 செப்டெம்பரில், 23 வயதில், இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்த வேளையில், அவரைப் போலியோ தாக்கியது. கை கால்கள் செயலிழந்தன.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆனால் தாய்க்குக் கையைத் தூக்குவதே பெரும்பாடாக இருந்தது. பிறகு தரையில் தவழ்ந்தார். பல மாதங்களின் பின் ஊன்றுகோல் பிடித்து நடந்தார். முழங்காலுக்குக் கீழே உணர்வும் பலமும் பழையபடி திரும்பவே இல்லை.

குதிரைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லும் காலே போய்விட்டது. லிஸ் வேறு வழி தேடினார். இடுப்பையும் முதுகையும் உடற்பாரத்தையும் கொண்டு பேசப் பழகினார். அவருடைய ஜூபிலி என்ற பெண்குதிரையும் அந்த மொழியை விளங்கிக்கொண்டது. ஏறவும் இறங்கவும் மட்டும் பிறர் கைகொடுக்க வேண்டும். அதை அவர் குறைவாக எண்ணி வீட்டுக்குள் முடங்கவில்லை. 1947இல் ஸ்கண்டிநேவியப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார்.

திறந்த கதவு

மனவுறுதி மட்டும் போதுமா? போதாது. சட்டமும் வழிவிட வேண்டும். அதுவரை ஒலிம்பிக் டிரெஸாஜ் இராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1948இல் தங்கம் வென்ற சுவீடன் அணியில் ஒருவர் உண்மையில் சார்ஜண்ட் தரத்தவர் என்று தெரிந்ததும், அந்த அணியின் பதக்கத்தையே பறித்தார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கும் பொதுமக்களுக்கும் இடம் கிடைத்தது. டிரெஸாஜில் நான்கு பெண்கள் பங்குபற்றினர். ஆண்களோடு சமமாகப் போட்டியிட்டு வெள்ளி வென்றார் லிஸ். தங்கம் வென்ற சுவீடன் வீரர் ஹென்றி செயின்ட் சீர், வெற்றி மேடையில் ஏற அவருக்குக் கைகொடுத்தார். 1956இலும் லிஸுக்கு வெள்ளி கிடைத்தது.

பிற்காலத்தில் அவர் போலியோ நோயாளருக்காக நிதி திரட்டினார். குதிரையேற்றத்தை உடற்பயிற்சிச் சிகிச்சையாகப் பரப்பப் பாடுபட்டார். 2009இல் 87 வயதில் காலமானார். வலுவிழந்தோருக்கான பராலிம்பிக்கில் 1996 முதல் டிரெஸாஜ் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிரெஸாஜ் தனிநபர் பதக்கங்கள் மூன்றையும் பெண்களே வென்றார்கள்.

நம் பக்கத்திலும்

ஜெய்ப்பூர் என்றால் நம் பெண்கள் பலருக்குச் செயற்கைக் கால்தான் நினைவில் வரும். அதே ஜெய்ப்பூரைச் சேர்ந்தவர் திவ்யகிருதி சிங். இவரும் இந்தூரைச் சேர்ந்த சுதிப்தி ஹஜேலாவும் இடம்பெற்ற நால்வர் அணி, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் டிரெஸாஜ் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் இந்தியா தங்கம் கண்டது 41 ஆண்டுகளுக்குப் பிறகு. இலங்கையில் பிறந்து, குழந்தையிலேயே சுவீடன் குடும்பமொன்றுக்குத் தத்துப்போன மத்தில்டா கார்ல்சன், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தடைதாண்டும் குதிரையேற்றத்தில் இலங்கைக்காகப் பங்குபற்றினார்.

நமக்குக் குதிரையும் இல்லை, திடலும் இல்லை. அது உண்மைதான். ஆனாலும் எறிகணையிலும் மிதிவெடியிலும் அவயவம் இழந்த நம் சகோதரிகள் தையல் இயந்திரத்தின் முன்னும் அடுப்படியிலும் தோட்டத்திலும் நாள்தோறும் செய்வது இதைத்தான். இருக்கும் பலத்தைக் கொண்டு புதிதாகப் பழகுகிறார்கள். அவர்களைப் பார்த்து "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. ஏறுவதற்கு ஒரு கை கொடுக்க வேண்டும். ஏறிய பிறகு அவர்களே ஓட்டுவார்கள்.

உதவி கேட்கவும் கூச்சம் வேண்டாம். வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரைப் போய்ச் சந்தியுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். லிஸும் தனியாக ஏறவில்லை.