எஞ்சின் இருசில் ஒளிந்திருக்கும் வெடிப்பு

கோயம்புத்தூரையும் பாலக்காட்டையும் இணைக்கும் இருப்புப்பாதை, வாளையாறு வழியே மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருங்கணவாயைக் கடந்து செல்கின்றது. சென்னையிலிருந்து மேற்குக் கரையை நோக்கி அமைக்கப்பட்டு, 1862-ஆம் ஆண்டில் முழுமையுற்ற பாதையின் ஒரு பகுதி இது. நீராவி எஞ்சின்கள் ஓடிய இவ்வழியில் இன்று மின்சார எஞ்சின்கள் ஓடுகின்றன. அவற்றின் பளு முழுவதும் இருசுகளின் வழியாகவே சக்கரங்களைச் சேர்கின்றது.

சரக்கு வண்டிகளை இழுக்கும் ‘வாக்-9’ வகை எஞ்சினின் எடை ஏறத்தாழ 123 டன். அதன் அடியில் போகி எனப்படும் எஃகுச் சட்டங்கள் இரண்டு உள்ளன. ஒவ்வொரு போகியிலும் மூன்று இருசுகள் உண்டு. ஆகவே, ஓர் இருசின் பங்குக்கு இருபது டன்னுக்கும் மேற்பட்ட பளு வருகின்றது. ஒவ்வோர் இருசையும் ஓர் இழுவை மோட்டார் பற்சக்கரங்களின் மூலம் சுழற்றுகின்றது.

எஃகைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, கடைசல் பொறியில் கடைந்து இருசு செய்யப்படுகின்றது. சக்கரத்தின் துளை இருசைவிட மிகச் சிறிதளவு குறுகலாக இருக்கும். பேரழுத்தத்தால் சக்கரத்தை இருசில் ஏற்றுவர். அந்த இறுக்கமே இரண்டையும் பிணைத்து வைக்கின்றது.

இருசு சுழலும்போது அதன் மேற்பக்கம் இழுபடுகின்றது, கீழ்ப்பக்கம் நெருக்குண்கின்றது. அரைச் சுற்றில் இந்நிலை தலைகீழாகின்றது. புதிய சக்கரத்தின் விட்டம் 1,092 மில்லிமீட்டர். எனவே, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 290 சுற்றுக்கள். நூறு கிலோமீட்டருக்கு 29,000 சுற்றுக்கள்! மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது ஒடிந்துபோவதை மாணவர்களுக்கு எளிதில் காட்டலாம். கண்ணுக்குப் புலப்படாத சிறு வளைவுங்கூட, கோடிக்கணக்கான முறை நேருமாயின், எஃகை முறிக்கவல்லது. 1842-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் வெர்சேல்ஸ் பாதையில் எஞ்சின் இருசு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் வோலர் இருசுகளைச் சோதித்து, இச்சோர்வின் இயல்பை அளந்து காட்டினார்.

வெடிப்பு பெரும்பாலும் சக்கரம் இறுகிய இடத்தின் விளிம்பில் தோன்றுவதால் கண்ணுக்கு மறைந்திருக்கும். அதனை அறியப் பணிமனைகளில் மீயொலியைப் பயன்படுத்துகின்றனர். இருசின் முனையிலிருந்து செலுத்தப்படும் அலை மறுமுனையில் மோதித் திரும்பும். இடையில் வெடிப்பு இருப்பின் எதிரொலி முன்னதாகவே வந்துவிடும். அந்த நேரத்தைக் கொண்டு வெடிப்பின் இடத்தைக் கணக்கிடலாம். வெடிப்புள்ள இருசு சேவையிலிருந்து விலக்கப்படும்.

மோட்டாருக்கும் சோதனை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று கணவாயினூடே கொணரும் ஈரமும், பாதையின் தூசியும் கம்பிச்சுருளின் மின்காப்பைக் கெடுக்கக்கூடும். பழுதுபார்ப்பவர்கள் சுருளைத் தூய்மை செய்து, உலையில் உலர்த்தி, தேவையெனில் வெற்றிடத்தில் வார்னிஷ் ஊட்டுவர். பேரிங்கில் மசகு குறைந்தால் அது சூடேறி இறுகிவிடும். சக்கரம் உருளாமல் தண்டவாளத்தில் வழுக்கித் தேய்ந்துபோகும்.

ஈரோட்டு எஞ்சின் கொட்டிலிலும் சென்னைப் பெரம்பூர்ப் பணிமனையிலும் மின்சார எஞ்சின்கள் பராமரிக்கப்படுகின்றன. கணவாயைக் கடக்கும் பயணி இப்பணிகளைக் காண்பதில்லை. ஆயினும், அவரது உயிர்க்காப்பு இவற்றிலேயே அடங்கியுள்ளது.