கோயிற் கட்டடக் கலையில் நிழற்கணக்கு

தமிழ்நாட்டுக் கோயிற் கலை குறித்து எழுதப்பெறும் நூல்களிலும் கட்டுரைகளிலும் ஒரு செய்தி இடையறாது இடம்பெற்று வருகின்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் நிழல் நிலத்தில் விழாது என்பதே அது. வழிப்போக்கர்க்கு இடங்காட்டுவார் கூறும் அளவில் நின்றிருப்பின், அதனைக் கேட்டு மகிழ்ந்து அமையலாம். பட்டத்திற்கென எழுதப்பெறும் ஆய்வேடுகளிலும் அது சான்று காட்டாமலே எடுத்தாளப்படுகின்றமையின், ஆராய்ச்சித் துறையினராகிய நாம் அதனை அளந்து பார்த்தல் கடனாகின்றது.

ஒளி, நிழல் ஆகியவற்றைப் பற்றிய அறிவு பண்டைக் கட்டடக் கலைஞரிடம் இருந்ததா என்னும் வினாவிற்கு விடை காண முயலும்பொழுது மூன்று நிலைகளைப் பிரித்துணர்தல் வேண்டும். கூறப்படும் நிகழ்ச்சி உண்மையில் நிகழ்வதுதானா என்பது முதலாவது. நிகழ்வதாயின், அதனைக் கட்டினோர் கருதியே அமைத்தனரா என்பது இரண்டாவது. கருதி அமைத்தமைக்கு நூற்சான்று உண்டா என்பது மூன்றாவது. இம்மூன்றனுக்கும் ஒவ்வோர் எடுத்துக்காட்டாகத் தஞ்சை விமானத்தையும், அம்பி விரூபாட்சர் கோயிலையும், சங்கு நாட்டித் திசை காணும் முறையையும் ஈண்டு ஆராய்வோம்.

தஞ்சை விமானத்தின் நிழல்

முதலாம் இராசராசன் எடுத்த இக்கோயிலின் விமானத்திற்குக் குடம் வைக்கப்பட்டது, அவனது ஆட்சியின் 25 ஆம் ஆண்டில் 275 ஆம் நாள் என்று கல்வெட்டுக் கூறும். அது கி.பி. 1010 ஆம் ஆண்டாகும். விமானத்தின் உயரம் நூல்களில் சிறிது ஏறியும் குறைந்தும் காணப்படினும், கணக்கின் எளிமை கருதி 60 மீட்டர் எனக் கொள்வோம். அடித்தளம் பக்கம் ஒன்றுக்குச் சுமார் 30 மீட்டர் அளவினதாகிய சதுரம். ஆகவே உச்சிக்கு நேர் கீழுள்ள இடத்திலிருந்து எந்தப் பக்கச் சுவரும் 15 மீட்டர்த் தொலைவில் உள்ளது.

தஞ்சை, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருக்கின்றது. டிசம்பர் 21 அளவில் ஞாயிறு நடுக்கோட்டிற்குத் தெற்கே 23.4 பாகை சென்றிருக்கும். அன்று நண்பகலில் அது தஞ்சையின் உச்சியினின்றும் தெற்கே 34 பாகை சாய்ந்து நிற்கும். அந்நிலையில் 60 மீட்டர் உயரமுள்ள பொருளின் நிழல் 41 மீட்டர் நீளும். அதில் 15 மீட்டர் அடித்தளத்திற்குள் கழிய, எஞ்சிய 26 மீட்டர் வடபுறத் திருமுற்றத்தில் விழுதல் வேண்டும். திருச்சுற்று தென்வடலாகச் சுமார் 120 மீட்டர் அகலமுடையதாதலின், நிழல் மதிலுக்குள்ளேயே அடங்கும். மார்கழி நண்பகலில் வடபுறத்தே நின்று நோக்குவார் எவரும் அதனைக் காணலாம். காலையிலும் மாலையிலும் நிழல் இதனினும் நீளும். ஞாயிறு அடிவானிலிருந்து 30 பாகை உயர்ந்துள்ளபொழுது அதன் நீளம் 100 மீட்டரையும் கடக்கும். எனவே நிழல் விழாது என்னும் கூற்று, வழங்குகின்ற வடிவில் உண்மையன்று.

ஆயினும் இக்கூற்று எழுந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மார்ச்சு 21 அளவில் நண்பகல் ஞாயிறு உச்சிக்குத் தெற்கே 10.8 பாகையில் நிற்கும். உச்சியின் நிழல் அப்பொழுது 11 மீட்டர் அளவே விலகுதல் கூடும். ஜூன் 21 அளவில் ஞாயிறு உச்சியைக் கடந்து வடக்கே 12.6 பாகையில் நிற்க, நிழல் தெற்கே 13 மீட்டர் அளவில் விலகும். இரண்டும் 15 மீட்டரினும் குறைந்தவை. ஆதலின் மார்ச்சு நடுப்பகுதி முதல் செப்டம்பர் இறுதிவரை நண்பகற்பொழுதில் உச்சியின் நிழல் நிலத்தை எட்டாது, விமானத்தின் உடலிலேயே அடங்கிவிடும். கீழே செங்குத்தாக எழும் சுவரின் நிழல் மட்டும், உயரம் ஒரு மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் அளவில், சுவரடியை ஒட்டி ஒரு குறுகிய பட்டையாக விழும். வெயில் மிகுந்த திங்கள்களில் உச்சிப்பொழுதில் வந்து அண்ணாந்து நோக்கிய ஒருவர், இவ்வளவு பெரிய விமானத்தின் நிழல் எங்கே என்று வியந்திருத்தல் இயல்பே.

குடத்தைப் பற்றியும் ஒன்று கூறலாம். ஞாயிறு ஒரு புள்ளியன்று. நம் கண்ணுக்கு அது ஏறத்தாழ அரைப் பாகை அகலமுடைய வட்டம். அதனால் ஒரு பொருளின் நிழல், பொருளினின்றும் விலக விலக ஓரங்கள் மங்கிப் பரவும். விமானத்தின் உச்சியிலிருந்து 70 மீட்டர்ச் சாய்வுத் தொலைவில் அம்மங்கலின் அகலம் 65 சென்டிமீட்டர் அளவாகும். அதனினும் மெல்லிய குடத்தின் நுனிக்கு அத்தொலைவில் கருநிழல் என்பதே இராது. நுனியின் நிழலைத் தேடுவார் காணாமற் போவதற்கு இது காரணமாகும்.

ஆகவே இங்கு நிகழ்வது, அடி அகன்று முடி ஒடுங்கிய எந்தக் கட்டடத்திற்கும் இவ்வகலாங்கில் பொதுவாக நிகழ்வதே. அதனைக் கருதியே விமானம் எழுப்பப்பட்டது எனக் கொள்வதற்குக் கல்வெட்டில் இடமில்லை. இக்கோயிற் கல்வெட்டுகள் சுருங்கச் சொல்லி விட்டவை அல்ல. தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயர்களையும் அவர்கட்கு அளித்த மனைகளையும் நிரல்படப் பொறித்தவை. இராசராசப் பெருந்தச்சன் என்னும் பட்டம் பெற்ற குஞ்சரமல்லனையும் மறவாது குறித்தவை. நிழலின்மை ஓர் அருஞ்செயலாகக் கருதப்பட்டிருப்பின், இத்துணை விரிவாகப் பொறித்தோர் அதனை மட்டும் விடுத்திரார்.

விரூபாட்சர் கோயிலில் தலைகீழ் உருவம்

கருநாடகத்தில் துங்கபத்திரைக் கரையிலுள்ள அம்பி விரூபாட்சர் கோயிலில் நிகழ்வது வேறு வகையினது. ஆங்குக் கருவறைக்குப் பின்புறத்தேயுள்ள இருண்ட அறையொன்றின் சுவரில், கீழை இராசகோபுரத்தின் உருவம் தலைகீழாக விழுகின்றது. மக்கள் இதனை நிழல் என்பர். நுணுகி நோக்கின் இது நிழலன்று. ஒளியால் அமையும் உருவமே. ஒளி நேர்கோட்டிற் செல்வது. கோபுரத்தின் முடியினின்றும் புறப்பட்ட ஒளிக்கதிர் நுண்துளையின் வழியே புகுந்து சுவரின் கீழ்ப்பகுதியை அடையும். அடியினின்றும் புறப்பட்ட கதிர் மேற்பகுதியை அடையும். இடம் வலமும் அவ்வாறே மாறும். துளைக்கும் கோபுரத்திற்கும் இடையிலுள்ள தொலைவு, துளைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தொலைவினும் எத்தனை மடங்கோ, அத்தனை மடங்கு உருவம் சுருங்கும். துளை சிறுக்கச் சிறுக்க உருவம் தெளியும், ஒளி குறையும். 11 ஆம் நூற்றாண்டில் இப்னு அல் ஹைதம் என்னும் அராபிய அறிஞர், கிரகணக் காலத்து ஞாயிற்றின் உருவம் துளையின் வழியே விழுவதை ஆராய்ந்து விளக்கிய நெறியும் இதுவே.

இந்நிகழ்ச்சி உண்மை, எவரும் கண்டு தெளியலாம். ஆயின் துளையை இதன்பொருட்டே அமைத்தனரா என்பது வேறு வினா. காற்றும் வெளிச்சமும் வேண்டி விடப்பட்ட சிறு துளையும் இதே உருவத்தைத் தரும். அடைத்த கதவின் இடுக்கு வழியே தெருவின் உருவம் சுவரில் விழுதலை இல்லங்களிலும் காண்கின்றோம். அமைத்தோரின் கருத்தை உணர்த்தும் நூலோ கல்வெட்டோ கிட்டும் வரை, நிகழ்ச்சியைக் கூறி விளக்கத்தையும் கூறி, கருத்தைப் பற்றி முடிபு கூறாது விடுதலே ஆராய்ச்சி நெறியாகும்.

சங்கு நாட்டித் திசை காணல்

நிகழ்ச்சியும் உண்மையாய், கருதிச் செய்தமையும் உறுதியாய், நூற்சான்றும் உடையதாய் அமைவது மூன்றாவதாகிய சங்கு முறை. நிழலைப் பற்றிய பண்டையோர் அறிவை ஐயமின்றி இங்கே காணலாம். கோயில் எழுப்புதற்கு முன்னர் நிலத்திற் கிழக்கு மேற்கு வரையை இடுதல் முதற் செயல். மயமதம், மானசாரம் ஆகிய சிற்ப நூல்கள் இதற்கெனத் தனிப்பகுதி வகுத்துள்ளன. சூரிய சித்தாந்தம் முதலிய வானநூல்களும் இதனைக் கூறுகின்றன.

நிலத்தை நீர்மட்டம்போற் சமன் செய்து, மரத்தாற் செய்த சங்கு என்னும் முளையைச் செங்குத்தாக நாட்டி, அதனை நடுவாகக் கொண்டு ஒரு வட்டம் வரைவர். முற்பகலில் முளையின் நிழல் வட்டத்திற்கு அப்பால் நீண்டு, படிப்படியாகக் குறுகி, ஓரிடத்தில் அதன் நுனி வட்டத்தைத் தொடும். அவ்விடம் மேற்குப் புள்ளி. பிற்பகலில் நிழல் நீண்டு மீண்டும் வட்டத்தைத் தொடும் இடம் கிழக்குப் புள்ளி. இரண்டையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு வரையாகும். அவ்விரு புள்ளிகளையும் தனித்தனி நடுவாகக் கொண்டு சம அளவில் இரு வட்டங்கள் வரைய, அவை ஒன்றையொன்று வெட்டுமிடத்தில் மீன் போன்ற வடிவம் தோன்றும். மீனின் தலையினின்றும் வால்வரை இட்ட கோடு தென்வடல் வரையாகும்.

இம்முறை பிழையாது அமைதற்குக் காரணம், நண்பகலுக்கு முன்னும் பின்னும் ஞாயிற்றின் செலவு ஒத்திருத்தலே. நிழலின் நீளம் ஒத்த இரு வேளைகளில் ஞாயிற்றின் உயரமும் ஒத்திருக்கும். ஆகவே அவ்விரு நிழல்களும் தென்வடல் வரைக்கு இருபுறமும் சமமாக விலகி நிற்கும். ஆயினும் ஒரு சிறு குறை உண்டு. முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் இடையே ஞாயிறு சிறிது வடக்கோ தெற்கோ நகர்ந்துவிடுகின்றது. மார்ச்சு, செப்டம்பர்த் திங்கள்களில் இந்நகர்வு நாள் ஒன்றுக்கு 0.4 பாகை அளவாகும். டிசம்பர், ஜூன் இறுதிப் பகுதிகளில் அது இல்லை என்னும் அளவிற்குக் குறையும். மயமதமும் மானசாரமும் திங்கள்தோறும் வெவ்வேறு அங்குல அளவைக் கழித்துத் திசை கொள்க என்று விதித்திருத்தலைக் காண்கின்றோம். அவ்வளவுகளின் பொருள் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் காணும் நிழலை அவ்வாறே கொள்ளாது திருத்திக் கொள்ளுதல் வேண்டும் என்னும் உணர்வு அந்நூலாரிடம் இருந்தது என்பது தெளிவு.

நெடுநல்வாடையும் நச்சினார்க்கினியர் உரையும்

தமிழ் இலக்கியத்துள் இம்முறையின் சுவட்டைக் காணுமிடம் நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய 188 அடிகளையுடைய இப்பாட்டில், அரசியின் மனை வகுக்கப்பட்ட வகை கூறப்படுகின்றது. ஞாயிற்றின் நிலையை இரண்டு கோல் நட்டுக் குறித்துக்கொண்டு, நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை கண்டு, தெய்வத்தை நோக்கி மனை வகுத்தனர் என்பது ஆங்குப் பெறப்படும் கருத்து. பாட்டுக் கூறுவது அரசன் வாழும் கோயிலையே. இறைவன் கோயிலுக்கும் அரசன் கோயிலுக்கும் சொல் ஒன்றாய் வழங்கியதுபோலவே, மனைநூல் முறையும் ஒன்றாயிருந்தமை இதனாற் புலப்படும்.

இப்பகுதிக்கு நச்சினார்க்கினியர் தரும் விளக்கம் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. நட்ட கோல்களின் நிழல் ஒருபக்கமும் சாயாத காலத்தை அவர் குறிக்கின்றார். சித்திரைத் திங்களின் நடுவிலுள்ள பத்து நாள்களுள் ஒன்றில், பதினைந்து நாழிகையில், முளையிடும் சடங்கு செய்து மனை வகுத்தல் என்பது அவர் கருத்து. பதினைந்து நாழிகை என்பது நண்பகல். ஞாயிறு உச்சியில் நிற்க நிழல் சாயாத நாள் மதுரையில் ஏப்ரல் 16 அளவிலும், தஞ்சையில் 18 அளவிலும், சிதம்பரத்தில் 20 அளவிலும் நேர்கின்றது. இன்று சித்திரை பிறப்பது ஏப்ரல் 14. அவ்வாறாயின் தஞ்சையில் நிழல் சாயாத நாள் சித்திரை ஐந்தாம் நாளையொட்டி வருமேயன்றி, நடுப்பத்தில் வாராது. உரையாசிரியர் பிழைபடக் கூறினாரா?

பிழையன்று. விண்மீன்களைக் கொண்டு கணிக்கும் நம் ஆண்டு, பருவங்களைக் கொண்டு கணிக்கும் ஆண்டினும் ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டது. நச்சினார்க்கினியர் 14 ஆம் நூற்றாண்டினர் என்பர். அக்காலத்திற்கும் இன்றைக்கும் இடைப்பட்ட சுமார் 650 ஆண்டுகளில் இவ்வேறுபாடு ஒன்பது அல்லது பத்து நாளாகத் திரளும். எனவே அவர் காலத்துச் சித்திரை முதல் நாள், இன்றைய கணக்கில் ஏப்ரல் 4 அளவில் அமையும். அதன் நடுப்பத்து ஏப்ரல் 14 முதல் 23 வரை அமையும். மதுரை, தஞ்சை, சிதம்பரம் ஆகிய மூன்று ஊர்களிலும் நிழல் சாயாத நாள்கள் இந்தப் பத்திற்குள்ளேயே அடங்குகின்றன. ஏட்டுவழக்கை மட்டும் எழுதாமல், தம் காலத்து வானத்தோடு பொருந்தியதையே உரையாசிரியர் எழுதினார் என்று கொள்ளுதற்கு இது தக்க சான்றாகும். சங்க காலத்திற்கு இக்கணக்கைப் பின்னோக்கிச் செலுத்தின், நடுப்பத்து மேலும் முன்னதாக விலகும். ஆதலின் உரையிற் கூறப்படும் நாளை அப்படியே பாட்டின் காலத்திற்கு ஏற்றுதல் பொருந்தாது என்பதும் இதனாற் பெறப்படும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தஞ்சை விமானத்தின் நிழல் நிலத்தில் விழும் என்பதும், வேனிற்கால நண்பகலில் மட்டும் உச்சியின் நிழல் விமானத்துள் அடங்கும் என்பதும், விரூபாட்சர் கோயில் உருவம் உண்மையாயினும் அமைத்தோர் கருத்துக்குச் சான்றில்லை என்பதும், நிழலால் திசையும் காலமும் கண்ட அறிவிற்கு நூலும் பாட்டும் உரையும் சான்றாம் என்பதும் விளங்கும்.

முன்னோர் பெருமையைப் பேணும் விருப்பினாலேயே நிழலில்லா விமானக் கதையைப் பலரும் போற்றுகின்றனர். அவ்விருப்பை நாமும் உடையோம். ஆயின் ஒரு மார்கழி நண்பகலில் பொய்யாகிவிடும் புகழ், முன்னோர்க்குப் புகழாகாது. அதனை நம்பி வந்து நிழலைக் கண்டு திரும்பும் ஒருவர், நாம் கூறும் பிற உண்மைகளையும் ஐயுறுவர். ஒரு முழக்கோலும் ஒரு கயிறும் கொண்டு திசையளந்தவர்களின் வழிவந்த நாம், ஒரு கூற்றை எழுதுமுன் அளந்து பார்த்தலே அவர்கட்குச் செய்யும் சிறப்பாகும். முதுகலை மாணாக்கர் தத்தம் ஊர்க் கோயில் முற்றத்தில் ஒரு கோலை நட்டு, ஏப்ரல் திங்களின் நண்பகல்களில் நிழலை அளந்து குறித்து வருவாராயின், நெடுநல்வாடையின் இப்பகுதி அவர்கட்கு உரையின் துணையோடு மட்டுமன்றிக் கண்ணாலும் விளங்கும்.