விசாவுக்கு முன்: போர் கலைத்த ஆவணங்களைச் சீர்செய்வது எப்படி?

கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போக விரும்பும் பெற்றோர் பலர், முதல் வேலையாக விசா விண்ணப்பத்தை நிரப்பக் கொடுக்கிறார்கள். வடக்கு, கிழக்கில் வேலை அதற்கு முன்பே இருக்கிறது. பெரும்பாலும் விசா அதிகாரி நம்மை நேரில் காண்பதில்லை, கடதாசிகளைத்தான் காண்கிறார். எல்லாக் கடதாசிகளும் ஒரே ஆளைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்கிறார். இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்து, பிறகு ஒவ்வொன்றாக வெவ்வேறு இடங்களில் எடுத்தவர்களிடம் அந்த ஒற்றுமை பல வேளைகளில் இருப்பதில்லை.

பிறப்புச் சான்றிதழே அடி

பிறப்புப் பதிவு செய்யப்பட்ட பிரதேசத்தின் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுங்கள். பதிவே நடக்கவில்லையென்றால், அங்குள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவு பற்றி விசாரியுங்கள். இது முடிந்த பின்பே அடையாள அட்டை, அதன் பின் கடவுச்சீட்டு, கடைசியில் விசா. வரிசையை மாற்றினால் ஒரு பிழை நான்கு ஆவணங்களில் ஏறிவிடும்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள்

பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கு. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1962 மார்ச் 1 இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 62561 என்று தொடங்கும். 12 இலக்கப் புதிய அட்டையில் ஆண்டு மட்டும் நான்கு இலக்கம். உங்கள் இலக்கம் பிறப்புச் சான்றிதழுடன் பொருந்தாவிட்டால், கடவுச்சீட்டுக்குப் போகுமுன் ஆட்பதிவுத் திணைக்களத்தில் திருத்துங்கள்.

ஒரு பெயர், பல எழுத்து

யோகேஸ்வரி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘வை’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘ஜே’ போட்டு எழுதுவார். இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து இணைக்கலாம். மொழிபெயர்ப்புகளைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் செய்வியுங்கள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்தை முதலிலேயே அவரிடம் காட்டுங்கள்.

கணவர் காணாமலாக்கப்பட்டிருந்தால்

மிகவும் வலிக்கும் இடம் இதுதான். படிவம் ‘திருமணமானவர், விதவை, பிரிந்தவர்’ என்று கேட்கும். மரணச் சான்றிதழ் எடுக்காத நிலையில் ‘விதவை’ என்று எழுதினால் அதற்கு ஆதாரம் கேட்கப்படும். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் 2016 இல் திருத்தப்பட்ட பின், இறந்துவிட்டார் என்று சொல்லாமலே காணப்படாமைச் சான்றிதழ் பெற வழி உண்டு. அதைப் பெறுவதா இல்லையா என்பது குடும்பத்தின் முடிவு. எதுவானாலும் நடந்ததை ஒரு கடிதத்தில் நேராக எழுதி, பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம் போன்று கையில் உள்ளவற்றின் பிரதியை இணையுங்கள்.

பிள்ளை அங்கே என்ன எழுதினார்?

அகதிக் கோரிக்கையிலும் குடியேற்ற விண்ணப்பத்திலும் பெற்றோரின் பெயர், பிறந்த திகதி, சகோதரர் எண்ணிக்கை எல்லாம் பிள்ளை எழுதியிருப்பார். அந்தக் கோப்பு அங்கேயே இருக்கிறது. ஆகவே அதன் பிரதியைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் மறைக்காமல் காரணத்தை விளக்குங்கள்.

கனடாவுக்கு ‘சுப்பர் விசா’

பெற்றோருக்கும் பேரன் பேத்தி உள்ளவர்களுக்குமான இந்த விசாவில், ஒரு தடவை நுழைந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம். பிள்ளையின் வருமான அத்தாட்சி, அழைப்புக் கடிதம், மருத்துவப் பரிசோதனை, குறைந்தது ஒரு வருடத்துக்கு 100,000 கனேடிய டொலர் மருத்துவக் காப்புறுதி ஆகியவை தேவை.

கையொப்பம் உங்களுடையது

முகவர் நிரப்பினாலும் பொறுப்பு விண்ணப்பதாரருக்கே. பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் கனடா ஐந்து வருடம் தடை விதிக்கும். பிரித்தானியாவில் அது பத்து வருடம் வரை போகலாம். வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். நிரப்பியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அனுப்பியவை அனைத்தினதும் பிரதியை வீட்டில் ஒன்று, வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடம் ஒன்று என வைத்திருங்கள்.