தமிழ்ப் புனைகதையில் சிற்றுயிர்கள்

எறும்பு, எலி, புழு முதலிய உயிர்களை மனிதர் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை; பலவற்றை அருவருக்கவும் செய்கின்றனர். இலக்கியத்தில் இவை பெரும்பாலும் மனிதரைப் பற்றிச் சொல்ல உதவும் உவமைகளாகவே வந்துள்ளன. இவற்றுக்கும் தமக்கென ஒரு வாழ்வு உண்டு என்று காட்டும் படைப்புகள் குறைவு. தற்காலத் தமிழில் அத்தகைய சில கதைகள் உள்ளன.

உவமையும் நீதியும்

புறநானூற்றின் 173ஆம் பாடல், கையில் சோற்றுடன் வரிசையாகச் செல்லும் சிறுவர்களை, மழைக்கு முன் முட்டைகளுடன் மேட்டு நிலம் சேரும் எறும்புகளுக்கு ஒப்பிடுகிறது. எறும்புகளைக் கூர்ந்து பார்த்தவரின் கண் இதில் தெரிகிறது. எனினும் பாடலின் நோக்கம் சிறுகுடி கிழான் பண்ணனின் கொடையைப் புகழ்வதே. பஞ்சதந்திரத்தில் விலங்குகள் பேசுகின்றன. பேசப்படுவதோ மனிதரின் அரசியலும் ஒழுக்கமும். காஃப்காவின் ‘உருமாற்றம்’ (1915) கதையில்கூடப் பூச்சியின் உடலுக்குள் இருப்பது ஒரு மனிதனின் மனம்தான்.

கரிசல் நிலத்து எறும்புகள்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரம் மழை குறைந்த பகுதி. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும், பின்னர் பட்டாசுத் தொழிலும் வேரூன்ற இந்த வறண்ட வானிலை துணை செய்தது. மானாவாரி விவசாயம் செய்வோர் எறும்புச் சாரையை மழைக்குறியாகப் பார்ப்பது வழக்கம்.

விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் ‘நெடுங்குருதி’ நாவல், வேம்பலை என்னும் ஊரை விட்டு எறும்புகள் வெளியேறுவதைச் சிறுவன் நாகு பார்ப்பதுடன் தொடங்குகிறது. இங்கே எறும்புகள் மனிதருக்கு மழைச்சேதி சொல்ல வரவில்லை. அந்த ஊர் அவற்றுக்கும் ஊர். வாழ முடியாதபோது அவை கிளம்புகின்றன. குற்றவாளிகளாக முத்திரை குத்தப்பட்ட வேம்பர்களின் வரலாற்றைச் சொல்லும் நாவல், யாரும் கணக்கில் கொள்ளாத எறும்புகளிடமிருந்து தொடங்குவது பொருத்தமானது.

எலியும் புழுவும்

அசோகமித்திரனின் ‘எலி’ சிறுகதையில் கணேசன் எலிப்பொறியில் வைப்பதற்காகக் கடைக்குப் போய் வடை வாங்கி வருகிறான். எலி அகப்படுகிறது, அதை வெளியே கொண்டுபோய் விடுகிறான். வடை தின்னப்படாமல் அப்படியே இருப்பதைக் கண்டபோது அவனுக்கு இன்னும் வருத்தம் உண்டாகிறது. எலி பேசுவதில்லை, அதன் மனமும் விவரிக்கப்படுவதில்லை. பசியோடு வந்த ஓர் உயிர் அச்சத்தில் உண்ணவும் இல்லை என்பதை வடையே உணர்த்திவிடுகிறது.

ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ (2011) கதையில், அழுகிய யானை உடலில் நெளியும் புழுக்களைக் கண்டு கதைசொல்லி அருவருக்கிறான். டாக்டர் கே. அவற்றைக் குழந்தைகளாகக் காண்கிறார். கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை முன்னிறுத்தி எழுதப்பட்ட கதை இது. அருவருப்பு புழுவின் இயல்பு அன்று, பார்ப்பவரின் பழக்கம் என்பதை இப்பகுதி தெளிவாக்குகிறது.

முக்கியத்துவமும் வரம்பும்

ஒரு மனிதரை இழிவுபடுத்த நினைப்பவர் ‘புழு’, ‘பூச்சி’ என்கிறார். அந்த உயிர்கள் கீழானவை என்ற முடிவு இருப்பதால்தான் அச்சொற்கள் வசையாகின்றன. ஆகவே சிற்றுயிரைச் சரியாகப் பார்க்கும் கதை, மனிதரைத் தாழ்த்தும் வழக்கத்தையும் கேள்விக்கு உட்படுத்துகிறது.

எழுதுபவர் மனிதரே என்பதால் இந்தப் பார்வைக்கு வரம்பு உண்டு. எறும்புக்கு மனித மொழியைக் கொடுத்தால் அது மீண்டும் மனிதனாகிவிடுகிறது. மேற்கண்ட படைப்புகள் அவ்வுயிர்களைப் பேச வைக்காமல், அவை செய்வதை மட்டும் காட்டி இச்சிக்கலைக் கடக்கின்றன.